நெல்லும் குதிரைவாலியும்

நாற்று நட்ட இருபதாம் நாள் வயலைக் காண்பவருக்கு எல்லாம் ஒரே பசுமையாகத் தோன்றும். ஆனால் அதனுள் குதிரைவாலிப் புல் நெல்லின் வேடம் பூண்டு நிற்கும். நான் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் மாணவரை வரப்பிற்கு அழைத்துச் சென்று, இலை தாளோடு கூடும் இடத்தைப் பிரித்துக் காட்டுவதுண்டு. நெல்லுக்கு அங்கே நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு, குதிரைவாலிக்கு இல்லை. களையெடுக்கும் பெண்கள் இதனைப் பாடநூலின்றியே அறிந்திருந்தனர்.

நிலத்துக்கு மேலே நடைபெறும் போட்டியில் நெல்லின் நிலை இரங்கத்தக்கதே. வெயில் மிகுந்த நாட்களில் குதிரைவாலி கரியமில வாயுவை நெல்லைக் காட்டிலும் திறமையாக உணவாக்கிக் கொள்ளும். நெல்லின் படைக்கலமோ வேரில் இருக்கிறது.

1973-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள், பிற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை நெல்லுமியிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றுக்கு ‘மோமிலாக்டோன்’ என்று பெயரிட்டனர். உமி நீங்காத நெல்லை அவர்கள் ‘மோமி’ என்பர். நம் ‘உமி’யோடு அச்சொல் ஓசையால் ஒத்திருப்பது தற்செயலே. இப்பொருளை நெல்வேரும் மண்ணில் கசியவிடுகிறது என்பது பின்னர்த் தெரியவந்தது. அதனை ஆக்கும் மரபணுக்கள் செயலிழந்த நெற்பயிர், அண்டையிலுள்ள குதிரைவாலியை அடக்கும் ஆற்றலை இழந்ததென 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இன்னும் வியப்பானது, நெல் இப்பொருளை எப்போதும் ஒரே அளவில் செலவிடுவதில்லை என்பது. குதிரைவாலி பக்கத்தில் வேர்விட்டால் கசிவு மிகுகிறது. கண்ணும் காதும் இல்லாத பயிர் அண்டை வீட்டாரை எங்ஙனம் அறிகிறது? களையின் வேரிலிருந்து வரும் லோலியோலைடு, ஜாஸ்மோனிக் அமிலம் முதலியவை தூது செல்கின்றன. பின்னது, பூச்சி கடித்தாலும் செடியினுள் பெருகி எச்சரிக்கும் ஹார்மோனேயாகும்.

ஆனால் வேரின் செய்தி எப்போதும் நன்மையே தருவதில்லை. மணிச்சத்து குறைந்தால் நெல்வேர் ஸ்டிரிகோலாக்டோன் என்னும் மற்றொரு ஹார்மோனை மிகுதியாக ஆக்குகிறது. அது தூர் கட்டுவதைக் குறைத்துச் சிக்கனம் செய்கிறது. மண்ணில் கசிந்து, மணிச்சத்தைத் தேடித்தரும் பூஞ்சைகளையும் அழைக்கிறது. ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் அதே அழைப்பைக் கேட்டுச் சுடுமல்லியும் முளைத்து, நெல்வேரையே உறிஞ்சிப் பிழைக்கிறது.

நாற்று நடும்போது பயிர் களையைவிடச் சில வாரம் மூத்தது. நேரடி விதைப்பிலோ இரண்டும் ஒரே நாளில் பிறக்கின்றன. களைக்கொல்லிக்கு அஞ்சாத குதிரைவாலியும் பல நாடுகளில் தோன்றிவிட்டது. எனவேதான் வேர்க்கசிவில் வல்ல நெல்வகைகளை ஆராய்ச்சியாளர் தேடுகின்றனர். வகைக்கு வகை இவ்வாற்றல் பெரிதும் வேறுபடுகிறது. குதிரைவாலியிடமும் மோமிலாக்டோனை ஆக்கும் மரபணுத் தொகுதி உண்டென்று 2017-இல் அறியப்பட்டது. ஆதலால் அத்தகைய நெல்லை விதைப்பவரும் களையெடுக்க ஆள் தேடத்தான் வேண்டும். ஒருகால் இரண்டாம் களையெடுப்பில் கூலி சிறிது குறையலாம்.