மூன்று இரவு தங்கவா? இரண்டு புக்கிங்காகப் பிரித்துப் பாருங்கள்

ஞாயிறு காலை புதுக்கோட்டையில் கல்யாணம். வெளியூர் உறவினர்கள் வியாழனே வந்து சித்தன்னவாசல், திருமயம் கோட்டை எல்லாம் பார்க்க விரும்புகிறார்கள். வியாழன், வெள்ளி, சனி என மூன்று இரவுகளுக்கு அறை வேண்டும். புக்கிங் தளத்தில் தேதிகளைக் கொடுத்துத் தேடுகிறீர்கள். சாதாரண அறை இல்லை; வாடகை அதிகமுள்ள அறை மட்டும் கிடைக்கிறது. உடனே கார்டு எண்ணைக் கொடுத்துவிட வேண்டாம்.

இத்தளங்கள் பொதுவாக, நீங்கள் கேட்ட எல்லா இரவுகளிலும் காலியாக உள்ள அறை வகையைத்தான் பட்டியலிடும். முகூர்த்தக் கூட்டத்தால் சனி இரவு மட்டும் சாதாரண அறைகள் நிரம்பியிருந்தால் போதும், அந்த வகையே திரையில் வராது. வியாழனும் வெள்ளியும் அது காலியாக இருப்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

எனவே பிரவுசரில் மூன்று டேப்களைத் திறந்து (கண்ட்ரோல் + டி), ஒவ்வொன்றிலும் ஒரு இரவுக்கு மட்டும் தேடவும். வியாழன் இரவுக்கு செக்-இன் வியாழன், செக்-அவுட் வெள்ளி என்று கொடுக்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. சாதாரண அறை 1,800 ரூபாய், பெரிய அறை 3,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மூன்று இரவும் பெரிய அறை என்றால் 9,000. முதல் இரண்டு இரவு சாதாரண அறை, சனி மட்டும் பெரிய அறை என்றால் 6,600. வரி தனி. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். கடியாபட்டி சிதம்பர விலாஸ் போன்ற பாரம்பரிய மாளிகை விடுதிகளைப் பார்ப்பவர்கள் இந்த எல்லையைக் கவனிக்கவும். எதுவானாலும் வரி சேர்ந்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

சில நேரம் இது தலைகீழாகவும் இருக்கும். தொடர்ந்து தங்குவோருக்குத் தள்ளுபடி தரும் ஓட்டல்களில் ஒரே புக்கிங்தான் லாபம்.

பிரிப்பது என்று முடிவு செய்தால், கிடைப்பதற்கு அரிதான சனி இரவை முதலில் புக் செய்திடுங்கள். இரண்டையும் ஒரே பெயரில், கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுடன் எடுப்பது நல்லது. ஒன்றை ரத்து செய்தால் மற்றது தானாக ரத்தாகாது.

பிறகு ஓட்டலுக்குப் போன் செய்து, இரண்டும் ஒரே குடும்பத்துக்கு என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சனி காலை அறையைக் காலி செய்துவிட்டு, அடுத்த செக்-இன் நேரம் வரை பட்டுப்புடவைப் பெட்டிகளோடு வரவேற்பறையில் உட்கார வேண்டியிருக்கும். வயதானவர்கள் இருந்தால் அறை மாறும் அலைச்சலையும் யோசியுங்கள். மாடியா, லிப்ட் உண்டா என்று கேட்டுக் கொள்ளுங்கள். நம் ஊர் லாட்ஜ்கள் சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. அங்கே இரண்டாவது புக்கிங் எந்த மணியில் தொடங்கும் என்பதையும் அதே போனிலேயே கேட்டு, இரண்டு புக்கிங் எண்களையும் பிரிண்ட் எடுத்து வருபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.