விமானம் 10 மணிக்கு என்றால், சாகுபுரத்தில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

“வாகைக்குளம் ஏர்போர்ட்தானே, பக்கத்துலதான இருக்கு. ஒரு மணி நேரம் முன்னாடி போனா பத்தாதா?” சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஒருகாலத்தில் இதற்கு ‘சமாளிச்சுடலாம்’ என்று பதில் சொல்ல முடிந்தது. இன்று முடியாது.

தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை முன்பு சுமார் 1,350 மீட்டர் நீளம்தான். ஏ.டி.ஆர். ரகச் சிறிய விமானங்கள் மட்டுமே வந்துபோயின. இப்போது அது 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. சுமார் 450 கோடி ரூபாயில் கட்டப்பட்ட புதிய முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். நெரிசல் நேரத்தில் 1,350 பயணிகளைக் கையாளும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. விமான நிலையம் பெரிதாகும்போது வரிசையும் நீளும், உள்ளே நடக்கும் தூரமும் கூடும்.

எந்த நேரம் முக்கியம்?

டிக்கெட்டில் 10.00 என்று போட்டிருந்தால், அது விமானம் நகரத் தொடங்கும் நேரம். பயணிக்கு முக்கியமானவை அதற்கு முன்பே வரும் இரண்டு கெடுக்கள். ஒன்று, செக்-இன் கவுன்ட்டர் மூடும் நேரம். உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் 60 நிமிடங்களுக்கு முன்பே மூடிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் 60 முதல் 75 நிமிடங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இன்னொன்று, போர்டிங் கேட் மூடும் நேரம். இது பெரும்பாலும் 20 முதல் 25 நிமிடங்களுக்கு முன்பு.

ஆகவே 10 மணி விமானத்துக்கு 9 மணிக்குப் பெட்டியோடு கவுன்ட்டருக்கு ஓடி வருபவர், ஒரு மணி நேரம் முன்னதாக வந்தவர் அல்ல; தாமதமாக வந்தவர். கைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, செல்போனிலேயே வெப் செக்-இன் முடித்தவருக்கு முதல் கெடு பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை அவருக்கும் உண்டு.

இரண்டு மணி நேரமா, மூன்றா?

உள்நாட்டுக்கு 2 மணி நேரம், வெளிநாட்டுக்கு 3 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இது எப்போதும் செல்லாது. 2022 டிசம்பரில் டெல்லி விமான நிலையத்தில் கூட்டம் திணறியபோது, உள்நாட்டுப் பயணிகளே மூன்றரை மணி நேரம் முன்னதாக வரும்படி இண்டிகோ அறிவுறுத்தியது. 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூரை ஒட்டிப் பாதுகாப்பு கடுமையாக்கப்பட்டபோது, 3 மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள். செக்-இன் 75 நிமிடங்களுக்கு முன்பே மூடப்படும் என்றும் அறிவித்தார்கள். எனவே பயணத்துக்கு முந்தைய நாள் விமான நிறுவனத்தின் குறுஞ்செய்தியை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

ரொம்ப முன்னாடியே போனால் நல்லதுதானே என்று கேட்கலாம். வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுன்ட்டரே பெரும்பாலும் 3 அல்லது 4 மணி நேரம் முன்புதான் திறக்கும். 2022 கோடையில் நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்தில், பயந்துபோய் எல்லோரும் அதிகாலையிலேயே குவிந்ததும் நெரிசலைக் கூட்டியது. நான்கு மணி நேரத்துக்கு முன்னால் வராதீர்கள் என்று நிர்வாகமே கேட்டுக்கொண்டது.

தவறவிட்டால் யாருக்கு என்ன இழப்பு?

ஒரு விமானத்தைக்கூடத் தவறவிடாதவர் விமான நிலையங்களில் வீணாக நேரம் கழிக்கிறார் என்ற கருத்து, நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் பெயரில் வழங்கிவருகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறு விமானம் இருக்கும் ஊருக்கு அது பொருந்தலாம். விசா காலாவதியாகும் தேதி நெருங்க, முதல் வேலைக்காக வளைகுடாவுக்குக் கிளம்பும் காயல்பட்டினத்து இளைஞருக்குப் பொருந்தாது. அவருக்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பு அலுப்பு மட்டுமே. தவறவிட்ட விமானமோ கடன் வாங்கிப் போட்ட டிக்கெட், சில நேரம் வேலையே.

சரியான நேரத்துக்கு வந்தும், இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றதால் இடம் மறுக்கப்பட்டால் இழப்பீடு கேட்க டி.ஜி.சி.ஏ. விதி உண்டு. மாற்று விமானம் எப்போது தரப்படுகிறது என்பதைப் பொறுத்து அதிகபட்சம் 10,000 அல்லது 20,000 ரூபாய். தாமதமாக வந்தவருக்கு இது கிடையாது. ஆனால் டிக்கெட்டில் உள்ள அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திரும்பக் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

சாலைக் கணக்கு

சாகுபுரத்தில் இருந்து வாகைக்குளத்துக்கு ஏரல் பக்கமாகக் குறுக்கே போகலாம். தூத்துக்குடியைத் தொட்டுச் சுற்றியும் போகலாம். மேப் காட்டும் நேரத்தோடு ரயில்வே கேட்டுக்கும் உப்பு லாரிகளுக்கும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம், வைகாசி விசாகம், தைப்பூசப் பாதயாத்திரை நாட்களில் இன்னும் கூடுதலாக.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. சாலைகள் துண்டிக்கப்பட்டன, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கினார்கள். ரெட் அலர்ட் இருந்தால் முதல் நாளே போய்த் தங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சென்னை வழியாக வெளிநாடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய் தனி டிக்கெட் என்றால், சென்னையில் பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இடையில் 5 மணி நேரமாவது இருக்கட்டும். ரயிலில் போகிறவர்கள் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம்.

நள்ளிரவுக் குழப்பமும் உண்டு. 15-ம் தேதி அதிகாலை 2 மணி விமானம் என்றால், 14-ம் தேதி இரவு 11 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி இரவு போய் நின்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நேரத்தைத் தின்னும் பெட்டி

வரிசையில் தாமதம் பெரும்பாலும் பெட்டியால்தான் வருகிறது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். கொப்பரை தீப்பற்றக்கூடியது என்பதால் அனுமதி இல்லை. மக்ரூன் டப்பாவுக்குத் தடை இல்லை. எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் இருப்பது நல்லது. உடன்குடி கருப்பட்டியை வீட்டிலேயே எடை போட்டுவிட்டால், கவுன்ட்டர் முன்னால் பெட்டியைப் பிரித்து அடுக்கும் வேலை மிச்சம்.

பின்னோக்கி எண்ணுங்கள்

காலை 10 மணி, வாகைக்குளம், கையில் பெரிய பெட்டி. கவுன்ட்டர் மூடுவது 9 மணி. வரிசைக்கு முக்கால் மணி நேரம் விட்டால், 8.15-க்கு வாசலில் இருக்க வேண்டும். சாலைக்கு ஒரு மணி, எதிர்பாராததற்கு அரை மணி. ஆக, சாகுபுரத்தில் வண்டி கிளம்ப வேண்டிய நேரம் 6.45. குழந்தைகளோ வீல் சேர் தேவைப்படும் பெரியவர்களோ உடன் வந்தால் 6.15.