சாய்கோட்டிலிருந்து புள்ளிக்கு: பழைய ஃபிளாஷ் கோடைப் படிப்பது எப்படி?

போன மாசம் ஒரு பழைய சிடி கைக்கு வந்தது. கோயமுத்தூர்ல எனக்கு மோட்டார் பம்ப் பாடம் எடுத்த வாத்தியார், 2001 வாக்கில் ஃபிளாஷ் 5-ல் தானே உட்கார்ந்து செய்த அனிமேஷன். இம்பெல்லர் சுத்தும், நடுவில் நுழையும் தண்ணி ஓரத்துக்கு வீசப்பட்டு குழாய்ல மேலே ஏறும். வாத்தியார் இப்போ இல்லை. "இதை மறுபடியும் ஓட்டிக் காட்ட முடியுமாங்க?"ன்னு அவங்க வீட்டுல கேட்டாங்க.

ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. பழைய படங்களை ஓட்ட ரஃபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனா சிடியில் ஓடும் கோப்பு கெட்டுப்போயிருந்தது. மூலக் கோப்பு மட்டும்தான் மிச்சம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஃபிளாஷ் 8 போட்டுத் திறந்தேன்.

உள்ளே சாய்கோடுகள்! ஃபிளாஷ் 4 காலத்தில் (1999) ஒரு படத்துண்டைக் குறிக்க, கம்ப்யூட்டர் ஃபோல்டர் முகவரி மாதிரி சாய்கோடு போடுவாங்க. அதற்குள் இருக்கும் மாறிக்கு முன்னால் முக்காற்புள்ளி. அந்தத் துண்டுக்குக் கட்டளை கொடுக்க 'டெல்டார்கெட்'. அதாவது, "இன்னாரிடம் போய் இதைச் சொல்லு". 2000-ல் வந்த ஃபிளாஷ் 5, இதையெல்லாம் ஒரு புள்ளியாகச் சுருக்கியது: துண்டின் பெயர், புள்ளி, கட்டளை. பழைய முறையும் கூடவே ஓடியது. அதனால அந்தக் கால கோடுகளில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில். புதுசாத்தான் இருக்கட்டுமேன்னு, வெளியிடும் பதிப்பை 5-லிருந்து 7-க்கு மாத்தினேன். இம்பெல்லர் நின்னுபோச்சு. பிழைச் செய்தி ஒண்ணும் இல்லை. தேடிப் பார்த்தா, வேகத்துக்கான மாறியை ஓரிடத்தில் பெரிய 'எஸ்' போட்டும், இன்னோரிடத்தில் சின்ன 'எஸ்' போட்டும் எழுதியிருக்கார். வாத்தியார் கவனிக்காம விட்டுட்டாரேன்னு நினைச்சேன்.

தப்பு என்னோடது. பதிப்பு 6 வரை ஃபிளாஷ் இந்த மாறிகளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. 7-லிருந்துதான் பார்க்கும். அப்போ சின்ன 'எஸ்' மாறி, மதிப்பே இல்லாத வேறொரு மாறியாகிவிடுகிறது. மதிப்பில்லாததோடு ஒரு எண்ணைக் கூட்டினால், 6 வரை அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். 7-ல் விடை எண்ணே இல்லை. அப்புறம் சக்கரம் எப்படிச் சுத்தும்?

2006-ல் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-க்கு மாற்ற நினைப்பவர்களுக்கு இன்னொரு பொறி. பழசில் படத்தின் முழு அளவு 100. புதுசில் அது 1. எண்ணை மாத்தாம விட்டா படம் நூறு மடங்கு வீங்கிடும்.

பதிப்பைத் திரும்ப 5-க்கு வைத்து வெளியிட்டு, ரஃபிளில் போட்டேன். சுத்துச்சு. தண்ணி ஏறுச்சு. வாத்தியாரின் ஒரு வரியைக்கூட நான் திருத்தவில்லை.

பழைய கோடைத் திருத்த உட்காரும் முன், அது எந்தப் பதிப்பின் விதிப்படி எழுதப்பட்டதுன்னு முதல்ல பாருங்க. பாதி 'பிழை' அங்கேயே காணாமப் போயிடும்.