சருகினுள் ஒரு விரியன்

பாம்புக்கடி என்றதும் நாகமே நம் நினைவில் எழும். பேராதனையின் ஈரமான வீட்டுத்தோட்டங்களிலோ, சருகோடு சருகாய்க் கிடக்கும் மூக்குயர்ந்த குழிவிரியனுக்கே மிகுதியும் அஞ்சவேண்டும். நீளம் ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது; எலி பிடித்து நமக்கு உதவும் நஞ்சற்ற சாரையைத் துரத்தியடிப்போர் கண்ணில் இது படுவதேயில்லை! கடியுண்டோர் பலர் வலியோடும் வீக்கத்தோடும் தப்புகின்றனர். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. இந்தியாவிலிருந்து வரும் நச்சுமுறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கே உரியது. இந்த விரியனிடம் அது பலிப்பதில்லை. ஆதலால் சருகை வெறுங்கையால் அள்ளாதீர்கள். இரவில் செருப்பும் விளக்குமின்றி முற்றத்தில் இறங்காதீர்கள். கடித்துவிட்டாலோ, கீறாமலும் இறுகக் கட்டாமலும், உறுப்பை அசைக்காது மருத்துவமனை சேருங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கவேண்டா. அதன் தோற்றத்தைச் சொன்னால் மருத்துவருக்கு உதவியாகும். சிறுநீரகக் கேட்டைக் காலத்தே கண்டறிந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.