மணிபல்லவத்திலே விழித்தெழுந்த நங்கை

சென்ற விடுமுறையில் எமது பெறாமகள் ஒருத்தி, உயர்தர வகுப்பிலே படிப்பவள், கைத்தொலைபேசியில் நாவலொன்றை ஊணுறக்கமின்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கதை யாதென வினவினோம். எளிய பெண்ணொருத்தி, அவளை விரும்பித் தொடரும் இளவரசன் ஒருவன், அவள் ஒருநாள் முன்பின் அறியாத இடமொன்றிலே கண்விழிக்கின்றாள், தான் முன்னர் யாராக இருந்தாள் என்பதை உணர்கின்றாள், மந்திர ஆற்றல் கைவருகின்றது, ஈற்றில் இளவரசனும் மணிமுடியும் அவளுக்கே உரியனவாகின்றன. இவ்வளவையும் மூச்சுவிடாது சொல்லி முடித்தவள், "ஏன் சித்தப்பா, எங்கடை பழைய புத்தகங்களிலை இப்படி ஒரு கதை இல்லையோ?" என்று கேட்டாள்.

கேள்வியிலே சிறிது கேலியும் கலந்திருந்தது. ஆயினும் நல்ல கேள்வி. அவள் சொன்ன கதையின் முடிவு ஒன்றைத் தவிர ஏனைய யாவும் மணிமேகலைக் காப்பியத்தில் உள்ளன. அந்த முடிவு மாத்திரம் ஏன் வேறுபட்டது என்பதையே நாம் இங்கு நேயர்களுடன் சேர்ந்து சிந்திக்க விழைகின்றோம்.

மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் முப்பது காதைகளில் இயற்றிய இந்நூலை, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898 ஆம் ஆண்டிலே ஆராய்ந்து பதிப்பித்து உதவினார். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, பௌத்த நூல் என்று இரண்டு வரி எழுதிப் புள்ளி பெறுவதோடு எம் மாணவர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். உள்ளே ஓர் இளம்பெண்ணின் நெஞ்சம் துடித்துக்கொண்டிருப்பதை அவர்கள் காண்பதில்லை.

பளிக்கறையும் பாவையும்

கதை தொடங்கும்போது மணிமேகலையின் தந்தை கோவலன் மதுரையிலே கொலையுண்டுவிட்டான். தாய் மாதவி ஆடலரங்கைத் துறந்து அறவண அடிகளின் நெறியைச் சார்ந்துவிட்டாள். மகளும் அவ்வழியிலேயே வரவேண்டும் என்பது தாயின் விருப்பம். பேத்தியையேனும் குலத்தொழிலுக்கு மீட்டுவிடவேண்டும் என்பது பாட்டி சித்திராபதியின் பிடிவாதம். அவளைத் தனதாக்கிக்கொள்ளவேண்டும் என்பது சோழ அரசகுமாரன் உதயகுமரனின் வேட்கை. இப்பெண்ணின் வாழ்வு எவ்வாறு அமையவேண்டும் என்பதில் புகார் நகரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அவளுடைய கருத்து யாதென்று கேட்பார்தாம் இல்லை.

இந்திர விழாக் காலத்திலே தோழி சுதமதியுடன் மலர் கொய்ய உவவனம் சென்றபோது, இளவரசனின் தேர் அங்கு வந்து நிற்கின்றது. மணிமேகலை அஞ்சிப் பளிங்கு மண்டபம் ஒன்றினுள் புகுந்து மறைந்துகொள்கின்றாள். உள்ளிருப்போரின் உருவம் வெளியே தெரியும். அவர்தம் குரல் மாத்திரம் வெளிவராது. அத்தகைய மண்டபம் அது! அவளுடைய அன்றைய நிலைமையை இதனிலும் தெளிவாக உணர்த்த இயலுமோ? ஊரார் கண்டது அவளுடைய உருவத்தையே; குரலை அன்று.

இளவரசன் அகன்றபின் அவள் முதன்முறையாக மனந்திறந்து பேசுகின்றாள். கற்பற்றவள், விலைக்குக் கிடைப்பவள் என்றெல்லாம் தன்னை இகழ்ந்தவன் அவன். ஆயினும் அந்த அயலான் பின்னே தன் நெஞ்சம் சென்றுவிட்டதெனத் தோழியிடம் ஒப்புக்கொள்கின்றாள். காமத்தின் இயல்பு இதுவேயாயின் அதன் வலிமை அழியட்டும் என்றும் சொல்கின்றாள். துறவு பூணப்போகும் நாயகியைச் சாத்தனார் கல்லாகப் படைக்கவில்லை. ஆசையும் மானமும் ஒரே நெஞ்சில் மோதுவதைக் காட்டிய பின்னரே அவளைக் கடல்கடந்து அனுப்புகின்றார்.

கடலுக்கு அப்பால்

அன்றிரவு மணிமேகலா தெய்வம், உறங்கும் நங்கையைத் தழுவி எடுத்து, வான்வழியே தெற்கு நோக்கி முப்பது யோசனை தூரம் சென்று, மணிபல்லவம் என்னும் தீவிலே விட்டுவிடுகின்றது. விழித்தவள் அறியாக் கடற்கரையிலே தனித்து நின்று தோழியை அழைக்கின்றாள், மறுமொழி இல்லை. இறந்த தந்தையை நினைந்து அழுகின்றாள். அவ்வேளையில் புத்த பீடிகை ஒன்று கண்ணிற்படுகின்றது. அதனைக் கண்டு தொழுத அளவில் முற்பிறப்பின் நினைவு மீள்கின்றது.

நாகநாட்டு மன்னர் இருவர் அப்பீடிகைக்காகப் போரிட்டனர் என்றும், புத்தர் பிரான் தோன்றி அவர்களை அமைதிப்படுத்தினார் என்றும் காப்பியம் கூறும். இதனையொத்த வரலாற்றை மகாவம்சம் நாகதீபத்திலே நிகழ்ந்ததாக உரைக்கின்றது. எம் குடாநாட்டின் அருகே குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லும் நயினாதீவே மணிபல்லவம் எனப் பலர் கொள்வதற்கு இவ்வொற்றுமையும் ஒரு காரணமாகும்.

நங்கை அறிந்தது யாது? முற்பிறப்பில் அவள் இலக்குமி என்னும் பெயரினள். கணவன் இராகுலன் பாம்பின் நஞ்சினால் மாண்டான், அவள் தீப்புகுந்தாள். அந்த இராகுலனே இன்று உதயகுமரனாகப் பிறந்திருக்கின்றான்! இக்காலத்து நாவலாயின் இவ்விடத்தில் மங்கல வாத்தியம் முழங்கும். பிறவிதோறும் தொடர்ந்த காதல் என்பதனினும் வேறு சான்று வேண்டுமோ? சாத்தனாரோ மறுபுறம் திருப்பிக் காட்டுகின்றார். நெஞ்சம் ஏன் அந்த அயலான் பின்னே சென்றது என்ற புதிர் அவளுக்கு இப்போது அவிழ்கின்றது. அது பழைய பிணிப்பின் இழுப்பு என்று அறிந்தபின், அதன்வழியே செல்வதா, நிற்பதா என்று ஆராயும் ஆற்றல் அவளுக்கு வந்துவிடுகின்றது.

தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருளிற்று: வான்வழிச் செல்ல ஒன்று, வேற்றுரு எய்த ஒன்று, பசியை வெல்ல ஒன்று. வேற்றுரு எதற்கு? நீ இளையள், பெண் என்று எண்ணிச் சமயவாதிகள் தம் கொள்கையை உனக்கு உரையார் என்கின்றது தெய்வம். பெண்ணின் அறிவு வேட்கைக்கு உலகம் இட்ட தடையை அக்காலப் புலவர் இவ்வளவு வெளிப்படையாகக் கூறியிருப்பது வியத்தற்குரியது.

பின்னர், கோமுகி என்னும் பொய்கையிலே வைகாசி விசாகத்தில் மேலெழும் அமுதசுரபி அவள் கையை அடைகின்றது. அப்பாத்திரத்துக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. அதனை முன்னர் வைத்திருந்த ஆபுத்திரன், பஞ்சத்தால் வாடிய சாவக நாட்டுக்கு உணவளிக்கக் கப்பலேறியவன். இடையிலே மணிபல்லவத்தில் இறங்கியபோது, மரக்கலம் அவனை விட்டுச் சென்றது. ஆளில்லாத் தீவிலே குறையாத உணவு கையில் இருந்தும், தான் மாத்திரம் உண்டு வாழ்வதை அவன் விரும்பவில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர் நீத்தான்.

அப்பாத்திரத்தை ஏந்திய மணிமேகலை சொல்லும் விருப்பம் எம் உள்ளத்தைத் தொடுவது. குழந்தையின் பசித்த முகம் கண்ட தாயின் மார்பு தானே பால் சுரப்பதுபோல, ஏழையரின் முகம் கண்டவுடன் இப்பாத்திரம் சுரத்தல் வேண்டும் என்கின்றாள். பாட்டியும் அரசகுமாரனும் ஏவாத வார்த்தை இது. பளிக்கறையினின்றும் வெளிவராத அவளுடைய சொந்தக் குரல் இங்கேதான் எமக்குக் கேட்கின்றது.

வேற்றுருவின் விலை

புகாருக்கு மீண்ட மணிமேகலை, கற்பரசி ஆதிரையிடம் முதற் பிச்சை ஏற்கின்றாள். சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசியுற்றிருந்த வித்தியாதரப் பெண் காயசண்டிகையின் நோயைத் தீர்க்கின்றாள். உதயகுமரன் மீண்டும் தொடர்ந்து வரவே, அவனிடமிருந்து தப்ப எண்ணிக் காயசண்டிகையின் உருவத்தையே தான் எடுத்துக்கொள்கின்றாள். அவ்வுருவிலேயே சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளின் பசி போக்க, மன்னன் மனமிரங்கிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகின்றான்.

மந்திரம் யாவற்றையும் இனிதே முடித்துவிட்டது என்று எண்ணும் வேளையில் இடி விழுகின்றது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தேடி வருகின்றான். தன் மனைவி வேற்றான் ஒருவனோடு உரையாடுகின்றாள் எனத் தவறாக எண்ணி, இரவில் வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். காதலனைத் தவிர்ப்பதற்காக எடுத்த உருவமே அவன் உயிரைக் குடித்துவிட்டது! மணிமேகலை வேற்றுரு களைந்து அவன் உடலை நோக்கி ஓடுகின்றாள். உண்மையை உணர்த்தி உன்னை நல்வழிப்படுத்தவன்றோ இவ்வுருவம் எடுத்தேன் என்று புலம்புகின்றாள். கந்திற்பாவை என்னும் தெய்வம் அவளைத் தடுத்து நிறுத்துகின்றது.

இவ்விடத்தை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எம் மனம் கனத்துப்போவதுண்டு. தெய்வம் தந்த ஆற்றலாயினும் அதனால் விளையும் துன்பத்துக்கு அவள் முகங்கொடுத்தே ஆகவேண்டும். மகனை இழந்த அரசமாதேவி அவளைச் சிறையிலிட்டு வருத்தியபோதும், அவள் வெகுளவில்லை, அத்தாயைத் தேற்றினாள். கதையின் ஈற்றில் அவளைக் காஞ்சி மாநகரிலே காண்கின்றோம். பஞ்சத்தால் வருந்தும் மக்கள் சூழ்ந்து நிற்க, கையில் முடியன்று, பாத்திரம் இருக்கின்றது.

இக்கதை முழுவதையும் பெறாமகளுக்குச் சொன்னோம். கைத்தொலைபேசியை ஒருபுறம் வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தவள், "அப்ப, அவள் அவனை விரும்பினவளோ, இல்லையோ?" என்று கேட்டாள். விரும்பினாள் என்றே விடையளித்தோம். விரும்பாதவள் விட்டுச் செல்வது அரிதன்று. விரும்பியும், அதனிற் பெரிய பணியொன்று தன் கையிலே உள்ளதெனக் கண்டு நடந்தமையாலேதான் அவள் காப்பிய நாயகியானாள். எம் இளம்பெண்கள் காதற்கதைகளைப் படிப்பதை நாம் குறைகூறோம். தமக்கென விதிக்கப்பட்டது யாதென அறியும் ஆவல் இளமைக்கு இயல்பு. அறிந்தபின் அதனை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற வினாவையும் அவர்கள் சேர்த்துக் கேட்பார்களாயின் அதுவே எமக்குப் போதும்.

நயினாதீவிலே, நாகபூஷணி அம்மனைத் தரிசிக்க வருவோர்க்கு அமுதசுரபி என்னும் பெயரிலமைந்த மண்டபத்தில் அன்னதானம் நடைபெறுகின்றது. வரும் வைகாசியில் தன்னையும் அங்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று பெறாமகள் கேட்டிருக்கின்றாள். உண்பதற்கு மட்டுமன்று, பந்தியிலே பரிமாறவும் வேண்டும் என்ற நிபந்தனையுடன் நாமும் இசைந்துள்ளோம்.