குரல் கீச்சிடாமல் ஆடியோ வேகத்தைப் படிப்படியாக மாற்றுவது எப்படி?

ரீல்ஸில் பயண வீடியோ என்றாலே 'ஸ்பீடு ராம்ப்' வந்துவிடுகிறது. சாலை பறக்கும், அலை உடையும் இடத்தில் காட்சி மெல்ல இழுபடும், பிறகு மறுபடி வேகம் பிடிக்கும். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. காதுக்குத்தான் சிக்கல். வேகம் கூடினால் குரல் கீச்சென்று எகிறும். குறைந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இறங்கும். அதனாலேயே பலர் அசல் ஒலியைத் தூக்கிவிட்டு ஒரு சினிமா பாட்டைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். விஷயம் புரிந்தால் அதற்குத் தேவையே இல்லை.

ஏன் எகிறுகிறது?

ஒலி என்பது அதிர்வு. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால், ஒரு விநாடிக்குள் இரண்டு மடங்கு அதிர்வுகள் வந்துவிடும். சுருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். வெறும் 6 சதவீதம் கூட்டினாலே போதும், ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடுவார். 12 சதவீதம் என்றால் இரண்டு கட்டை. கேசட், இசைத்தட்டு காலத்தில் வேகமும் சுருதியும் இப்படிப் பிரிக்க முடியாமல் ஒட்டியே இருந்தன.

இன்றைய மென்பொருள் இரண்டையும் பிரித்துவிடும். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வேகம் கூட்டும்போது சிலவற்றை விட்டுவிடும். குறைக்கும்போது சிலவற்றைத் திரும்பப் போடும். ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்டும். சுருதி மாறாது. ஆனால் ரொம்ப இழுத்தால் ஒட்டுப் போட்டது காதில் விழும்: பேச்சு எதிரொலிக்கும், பறை அடி 'தட தட' என்று இரட்டிக்கும்.

எந்த ஒலிக்கு எது?

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பொம்மையார்பாளையத்தில் வீடியோ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஒலிகள் கிடைக்கும்: அலை, ஃபைபர் படகின் இன்ஜின், கரையில் உட்கார்ந்து பேசும் ஒரு பெரியவரின் குரல்.

அலைக்குத் தனியாகச் சுருதி என்று ஒன்றில்லை. சுருதியோடு சேர்த்தே வேகத்தை மாற்றலாம். மெதுவாக்கினால் அலை இன்னும் கனமாகக் கேட்கும். இன்ஜினுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். வேகம் கூடக்கூட ஒலி ஏறுவது இன்ஜினின் இயல்பு என்பதால், யாரோ த்ராட்டிலை முறுக்கியது போலவே இருக்கும். பெரியவரின் பேச்சு மட்டும் வேறு கதை. அதற்குப் பிறகு வருவோம்.

மென்பொருளில் எப்படி?

பிரீமியர் ப்ரோவில் 'டைம் ரீமேப்பிங்' வீடியோவுக்கு மட்டும்தான், ஆடியோவுக்கு வேலை செய்யாது. ஒலியைத் தனியாக எடுத்துச் செய்ய வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி 3-இல் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, 'டைம் டிராக்'. அதைச் சேர்த்து, என்வலப் டூலால் கோட்டை மேலே கீழே இழுத்தால் வேகம் அதன்படி ஏறி இறங்கும். சுருதியும் கூடவே மாறும். ஒரு எச்சரிக்கை: அந்த ப்ராஜெக்டில் உள்ள எல்லா டிராக்கையும் இது பாதிக்கும்.

இரண்டாவது, எஃபெக்ட் மெனுவில் உள்ள 'ஸ்லைடிங் ஸ்ட்ரெட்ச்'. தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று டெம்போவுக்கும் சுருதிக்கும் தனித்தனியாக எண் கொடுக்கலாம். டெம்போ முடிவில் 100 சதவீதம், சுருதி இரண்டிலும் 0 என்று கொடுத்தால், ஒலி இயல்பாகத் தொடங்கி இரட்டை வேகத்தில் முடியும், சுருதி அசையாது.

நீளத்தையும் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 60 விநாடி கிளிப் ஒரே சீராக ஏறி இரட்டை வேகத்தை எட்டினால், முடிவில் சுமார் 40 விநாடிதான் இருக்கும். படத்திலும் ஒலியிலும் வேகம் ஏறும் விதம் ஒன்றாக இல்லையென்றால், மொத்த நீளம் பொருந்தினாலும் நடுவில் உதடும் சொல்லும் ஒட்டாது.

பேச்சில் கை வைக்கும் முன்

2019 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அவைத்தலைவர் நான்சி பெலோசியின் வீடியோ ஒன்று பரவியது. அவர் குடித்துவிட்டு உளறுவது போலிருந்தது. உண்மையில் யாரோ வேகத்தைச் சுமார் 75 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். அப்படிக் குறைத்தால் நாலு கட்டைக் குரல் ஒரு கட்டைக்கு இறங்கி, குட்டு உடைந்திருக்கும். அதனால் சுருதியையும் திருத்தியிருந்தார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. வேகம் மட்டுமே ஒருவரைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிவிட்டது.

இப்போது அந்தப் பெரியவருக்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட புதுச்சேரி துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. அதன்பின் வடக்கே உள்ள மீனவ ஊர்கள் கரையை இழந்து வருகின்றன. பொம்மையார்பாளையமும் அதில் ஒன்று. கரை எதுவரை இருந்தது என்று அவர் சொல்வது வெறும் பின்னணி ஒலி அல்ல, சாட்சி. சுருதி மாறாமல் மெதுவாக்கினால் தளர்ந்தவர் போலவும், வேகமாக்கினால் பதறுபவர் போலவும் ஆகிவிடுவார். நேரம் போதவில்லையென்றால் வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டுங்கள். அவர் பேசும் வேகத்தைத் தொடாதீர்கள். ராம்பை அலைக்கும் இன்ஜினுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சில் வேகத்தை மாற்றியே ஆக வேண்டிய இடமும் உண்டு. வீட்டுப் பழைய கேசட்டில் தாத்தாவின் குரல் போகப்போகக் குழந்தைக் குரலாகிறதா? பதிவு செய்தபோது பேட்டரி இறங்கியிருக்கலாம். டேப் மெதுவாக ஓடியபோது பதிந்தது, சரியான வேகத்தில் ஓட்டும்போது எகிறுகிறது. இங்கே வேகம், சுருதி இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும் என்பதால் டைம் டிராக்தான் சரி. தொடக்கத்தில் 100, முடிவில் 90 சதவீதம் என்று வைத்துக் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பதிவாக இருந்தால் நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஒலிக்கும். முதலிலும் கடைசியிலும் அது ஒரே சுருதியில் நின்றுவிட்டால், தாத்தாவும் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பிவிட்டார் என்று அர்த்தம். எதைச் செய்தாலும் அசல் ஃபைலைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.