முழங்காலின் நோவும் மனத்தின் விழிப்பும்

மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில், திருக்கோவில் முதல் கல்முனை வரையுள்ள கரையோரப் பாடசாலைகளின் மைதானங்கள் களைகட்டும். அம்மைதானத்தின் ஓரத்தில், முழங்காலிற் கட்டுடன் ஒரு பிள்ளை அமர்ந்திருப்பதும் உண்டு. சத்திரசிகிச்சை நிறைவேறிவிட்டது; முழங்காலை வைத்தியர் செப்பனிட்டுவிட்டார். ஆனால் அப்பிள்ளையின் உள்ளத்திற் புகுந்த அச்சத்தை எவ்வாறு ஆற்றுவது? இதற்குத் துணையாகும் வழிகளுள் ஒன்றே மனவிழிப்புப் பயிற்சி.

முழங்கால் மூட்டினுள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் நார் ஒன்று உண்டு. பாய்ந்து தரையிறங்கும்போதோ, ஓடுகையிற் சட்டெனத் திரும்பும்போதோ அது அறுந்துபோவதுண்டு. ஒரே விளையாட்டை ஆடுவோருள் பெண்பிள்ளைகளுக்கே இது கூடுதலாக நேர்கிறது. உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாரைப் பொருத்தி வைத்தியர் இதனைச் சீர்செய்வர். சத்திரசிகிச்சைக்குச் சில மணி நேரம் போதும். ஆயினும் களத்துக்கு மீள ஒன்பது மாதமேனும் பொறுத்தல் நன்று என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. 2014 இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வொன்றின்படி, இச்சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 81 பேர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியோரோ 55 பேரே. ‘மீண்டும் அறுந்துவிடுமோ’ என்ற அச்சமும் இதற்கொரு காரணமாகும்.

அச்சங் கொண்ட பிள்ளை முழங்காலை மடக்க மறுக்கும். மூட்டு இறுகும், தசை மெலியும். பொறுமை இழந்த பிள்ளையோ, காலம் வருமுன் ஓடி மறுபடியும் காயமுறும். இவ்விரண்டுக்கும் இடையே நடுவழி காட்டுவதே இப்பயிற்சி.

இதன் வேர் இலங்கை மண்ணுக்குப் புதியதன்று. பௌத்த தியான நெறியில் இது நெடுங்காலம் பயிலப்பட்டு வந்தது. ஜேர்மனியிற் பிறந்து இலங்கையில் துறவு பூண்ட ஞானபொனிக்க தேரர், இதனை விளக்கி எழுதிய ஆங்கில நூல் 1954 இல் கொழும்பில் வெளியாயிற்று. 1979 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், ஜோன் கபாட்-சின் என்பவர் சமயச் சார்பின்றி இதனை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். நாட்பட்ட நோவுடையோருக்கு அவர் வகுத்த எட்டு வாரப் பாடத்திட்டம் பின்னர் பல நாடுகளிலும் பரவியது.

பயிற்சி எளியது. படுத்தோ அமர்ந்தோ, மூச்சு உட்செல்வதையும் வெளிவருவதையும் மாணவர் கவனிக்கிறார். பின்னர்க் கால்விரல் தொடங்கி உச்சந்தலை வரை கவனத்தை மெல்ல நகர்த்துகிறார். காயமுற்ற முழங்காலை விரைந்து கடந்துவிடாமற் சற்றே தரித்து, அங்குள்ளது எரிவா, இழுவையா, தெறிப்பா என்று பார்க்கிறார். ‘இனி ஓடவே முடியாது’ என்ற எண்ணம் எழுந்தால், அதனோடு வாதிடாமல், ‘இஃது ஓர் எண்ணம்’ என்று மட்டும் கண்டு மூச்சுக்கு மீள்கிறார். பழகப் பழக, நோவு வேறு, நோவைப் பற்றிய அச்சம் வேறு என்பது புலனாகும். இயன்மருத்துவர் முழங்காலை மடக்கச் சொல்லும்போது உடல் முழுவதும் இறுகும் பழக்கம் தளரும்.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். காயமுற்ற 20 வீரரைக் கொண்டு நடத்தப்பெற்று 2018 இல் வெளியான ஆய்வொன்றில், இப்பயிற்சி பெற்றோரின் நோவு தாங்கும் ஆற்றல் உயர்ந்தது. கவலை குறைவதில் மற்றையோருக்கும் அவர்களுக்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. எனவே இது மருந்துக்கோ இயன்மருத்துவத்துக்கோ மாற்றன்று. நோவை மறைத்து வீரம் காட்டும் வித்தையுமன்று. காய்ச்சல், வீக்கம், கெண்டைக்காலில் வலி ஆகியவை தோன்றின் உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

கோயிலுக்குச் செல்லும் பிள்ளையும், பள்ளிவாசலுக்குச் செல்லும் பிள்ளையும், தேவாலயத்துக்குச் செல்லும் பிள்ளையும் தத்தம் நம்பிக்கையிற் குறைவின்றி இதனைப் பயிலலாம். தேவைப்படுவது நாளொன்றுக்குப் பத்து நிமிடமும், அமைதியான ஓரிடமும், ‘எப்போது ஓடுவாய்?’ என்று நாள்தோறும் கேட்டு நெருக்காத ஆசிரியரும் பெற்றோருமே.